அத்தியாயம் 9: உங்கள் கோப்பு புதிய சட்டத்தரணியின் கைக்கு வரும்போது

அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் கோப்பைப் பார்த்துவந்தவர் இப்போது எங்களுடன் இல்லை, புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்னார் இனிமேல் பார்ப்பார், சந்திப்புக்கு நேரம் எடுங்கள். சிலவேளை அந்த மின்னஞ்சலும் வராது. நீங்களாகத் தொலைபேசி எடுத்து, மறுமுனையில் பழக்கமில்லாத குரல் கேட்டபிறகுதான் விஷயம் தெரியும்.

ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் குடிவரவு வழக்குகள் செய்கிற அலுவலகங்களில் இது வழமையான சங்கதி. அகதிக் கோரிக்கை என்றாலும் குடும்ப ஸ்பொன்சர் என்றாலும் முடிவு வரக் காலம் இழுபடுகிறது. அதற்குள் ஒருவர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போவார், ஒருவர் தனியாக அலுவலகம் திறப்பார், இன்னொருவர் அரசாங்க வேலைக்குப் போய்விடுவார். அவர்களுடைய இடத்துக்குப் புதியவர்கள் வருவார்கள். வழக்கு முடியும்வரை ஒரே முகம் என்பது அதிர்ஷ்டசாலிகளுக்கு மட்டும் வாய்ப்பது.

நம்மவர்கள் இந்த நேரத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்வார்கள். ஒரு பகுதியினர் பதறுவார்கள். “பெரிய லோயரைத்தானே பிடிச்சனாங்கள், இப்ப சின்னப் பிள்ளையொண்டைத் தந்திருக்கினம்” என்று வீடு முழுக்கப் புலம்பல். மறுபகுதியினர் தலையாட்டிவிட்டு, நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பதறுவதால் எதுவும் ஆகாது. தலையாட்டுவதால் கெடுதி உண்டு. புதியவரை அறிந்துகொள்வது உங்கள் உரிமை. அதை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம். ஒன்ராறியோ விதிகளை வைத்து எழுதுகிறேன். வன்கூவரிலும் கல்கரியிலும் இருப்பவர்கள் தங்கள் மாகாணச் சட்டச் சங்கத்தின் விதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உரிமம்

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்கு ஆலோசனை சொல்லவும் உங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தவும் யாருக்கு அனுமதி உண்டு என்று சொல்கிறது. மாகாணச் சட்டச் சங்கமொன்றில் நல்ல நிலையில் இருக்கும் சட்டத்தரணிக்கு உண்டு. அதே சங்கத்தின் உரிமம் பெற்ற பாராலீகலுக்கு உண்டு. கியூபெக் நோட்டரிமார் சங்கத்தின் உறுப்பினருக்கும், குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் உரிமம் பெற்றவருக்கும் உண்டு. சட்டத்தரணியின் மேற்பார்வையில் இருக்கும் பயிற்சி மாணவரையும் அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. வரிப் படிவம் நிரப்புகிறவர், பயண முகவர், கோவிலில் அறிமுகமான “எல்லாம் தெரிஞ்ச அண்ணை” ஆகியோருக்கு இல்லை.

ஆகவே புதியவரின் பெயர் கிடைத்ததும் சந்திப்புக்கு முன்பே ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையத்தளத்தில் உள்ள பெயர்ப்பட்டியலில் அதை அடித்துப் பாருங்கள். அவர் சட்டத்தரணியா பாராலீகலா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, தொழிலுக்கு ஏதும் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்களா, ஒழுக்காற்று நடவடிக்கை இருந்ததா என்று அதிலேயே தெரியும். இலவசம், ஐந்து நிமிட வேலை. ஆலோசகர் என்றால் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பாருங்கள். அவர்களுடைய உரிம இலக்கம் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும். அந்தக் கல்லூரி 2021 நவம்பரில் தொடங்கியது. அதற்கு முன்பிருந்த அமைப்பின் பழைய சான்றிதழைச் சுவரில் மாட்டிவைத்திருப்பவரை அதை வைத்து நம்பிவிடாதீர்கள்.

இந்த வித்தியாசம் பெயர்ப் பலகையோடு முடிகிற விஷயம் அல்ல. பாராலீகல் குடிவரவு அகதிகள் சபைக்கு முன் தோன்றலாம். ஆலோசகரும் தோன்றலாம், ஆனால் அதற்கென்று தனி வகுப்பு உரிமம் அவரிடம் இருக்கவேண்டும். பெடரல் நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்கச் சட்டத்தரணியால் மட்டுமே முடியும். உங்கள் வழக்கு நிராகரிப்பை நோக்கிப் போகக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால், அந்தக் கட்டத்தில் யார் வருவார் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

‘ஸ்பெஷலிஸ்ட்’ என்ற சொல் விஷயத்திலும் கவனம் வேண்டும். சட்டச் சங்கம் சான்றளித்தவரைத் தவிர வேறெந்தச் சட்டத்தரணியும் தன்னை அப்படி விளம்பரம் செய்ய ஒன்ராறியோவில் விதி இடம் தராது. வானொலி விளம்பரத்தில் அந்தச் சொல்லைத் தாராளமாகப் போடுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள்.

எந்த விதத்தில் புதியவர்

‘புதிதாகச் சேர்ந்தவர்’ என்றால் நேற்று உரிமம் எடுத்தவர் என்று அர்த்தமில்லை. அலுவலகத்துக்குப் புதியவராக இருப்பார், தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவராக இருப்பார். கொழும்பிலோ சென்னையிலோ நீதிமன்றம் ஏறி இறங்கியவர், இங்கே வந்து வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களை மதிப்பிடும் தேசியக் குழுவின் பரீட்சைகளை எழுதி, பிறகு உரிமத் தேர்வும் எழுதி மறுபடி தொடங்கியிருப்பார். அப்படிப்பட்டவருக்கு ஊர் நிலவரத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிராம சேவகர் கடிதம் என்றால் என்ன, பொலிஸ் பதிவு என்றால் என்ன என்று நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கனடிய நடைமுறையில் அவருக்கு எவ்வளவு பழக்கம் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீதித் திணைக்களத்தில் அரசாங்கத்துக்காக வழக்காடியவர்களும், சபையில் உறுப்பினராக இருந்து தீர்ப்புச் சொன்னவர்களும் தனியார் அலுவலகங்களுக்கு வருவதுண்டு. “அவர் எங்கட ஆக்களைத் திருப்பி அனுப்பினவர்” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மேசைக்கு மறுபக்கம் இருந்தவருக்கு எந்தக் கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரியும். ஒன்றை மட்டும் கேளுங்கள்: அரசாங்கத்தில் இருந்தபோது என்னுடைய கோப்பிலோ என் குடும்பத்தாரின் கோப்பிலோ வேலை செய்தீர்களா? செய்திருந்தால் அவர் உங்கள் கோப்பைத் தொடக்கூடாது. ஒழுங்கான அலுவலகம் இதை உங்களிடம் வரும் முன்பே சரிபார்த்திருக்கும்.

நேற்று உரிமம் எடுத்த இளையவரைப் பற்றித்தான் நம்மவர்களுக்குப் பெரிய மனக்குறை. என் அபிப்பிராயம் இதில் வேறு. பெயர் பெற்ற சட்டத்தரணியிடம் ஒரே நேரத்தில் ஏராளம் கோப்புகள் இருக்கும். உங்களுடையதை அவர் கடைசியாக எப்போது திறந்தார் என்பது அவருக்கே நினைவிராது. இளையவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார், பயத்தில் இரண்டு தரம் படிப்பார். அந்தப் பயம் உங்களுக்கு நல்லது. ஆனால் அவருக்கு மேலே ஒருவர் இருந்து பார்க்கவேண்டும். எனவே கேட்கவேண்டிய கேள்வி “உங்களுக்கு எத்தனை வயசு” என்பதல்ல. “நீங்கள் எழுதுவதை அனுப்புவதற்கு முன் யார் பார்க்கிறார்? விசாரணை அன்று நீங்களா வருவீர்கள், அவரா?” இந்த இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

பயிற்சி மாணவர் என்றால் அவர் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

சந்திப்புக்குப் போகுமுன்

ஒரு பக்கத்தில் உங்கள் வழக்கின் திகதிகளை எழுதுங்கள். நாட்டை விட்டது, கனடாவுக்குள் வந்தது, கோரிக்கை அல்லது விண்ணப்பம் கொடுத்தது, கடைசியாக வந்த கடிதம், அடுத்த கெடு. மேலே யூசிஐ இலக்கமும் விண்ணப்ப இலக்கமும். கடவுச்சீட்டு, பிரவுண் பேப்பர் என்று நம்மவர் சொல்லும் அகதிக் கோரிக்கையாளர் பத்திரம், வேலை அனுமதி, எல்லாவற்றுக்கும் பிரதி. அலுவலகத்தில் இருக்கும்தானே என்று போகாதீர்கள். ஆள் மாறும்போது தாள்கள் தவறுவதுண்டு.

உங்கள் கதையை அவர் சொல்லட்டும்

அலுவலகத்தின் இணையத்தளத்தில் புதியவரைப் பற்றி ஒரு பந்தி இருக்கும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தெந்த மொழிகள், ஓய்வு நேரத்தில் மலையேறுவார், நாய் வளர்க்கிறார். வாசியுங்கள், தவறில்லை. ஆனால் அவர் உங்கள் வழக்குக்குப் பொருந்துவாரா என்பதை அந்தப் பந்தி சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்பது என் எண்ணம். சந்திப்புத் தொடங்கியதும் மரியாதையாக இப்படிக் கேளுங்கள்: “என்ர பைலை வாசிச்சிருப்பியள். என்ர கேஸ் என்னெண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ, பிழையிருந்தா நான் திருத்திறன்.”

வழக்கமாக நடப்பது இதற்குத் தலைகீழ். புதியவர் “உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்பார். நீங்கள் அழுதபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். ஒரு மணித்தியாலம் போய்விடும். கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் இன்னும் பார்த்திருக்கமாட்டார், நீங்கள் இன்று சொன்னதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பது இருவருக்கும் தெரியாது. அவரைச் சொல்லவிட்டால் ஐந்து நிமிடத்தில் மூன்று விஷயம் வெளிவரும். அவர் வாசித்தாரா, எதை முக்கியம் என்று நினைக்கிறார், எதைத் தவறாக விளங்கியிருக்கிறார். “இன்னும் முழுக்க வாசிக்கவில்லை, அடுத்த கிழமை வாருங்கள்” என்று நேர்மையாகச் சொல்பவரும் பரவாயில்லை. வாசிக்காமல் பொதுவாகப் பேசிக் கடத்துகிறவரிடம்தான் கவனமாக இருக்கவேண்டும்.

அகதிக் கோரிக்கையில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. கோரிக்கையாளரை நேரில் கேட்காமல் தாளை மட்டும் பார்த்துத் தள்ளிவிடும் நடைமுறை கனடாவில் முன்பு இருந்தது. 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. நம்பகத்தன்மையே கேள்வியாக இருக்கும்போது வாய்மொழி விசாரணை வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. 1989இல் குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. இன்று விசாரணையில் உறுப்பினர் உங்களைக் கேள்வி கேட்டு, நீங்கள் சொல்வதையும் நீங்கள் எழுதிக் கொடுத்ததையும் பக்கம் பக்கமாக ஒப்பிடுகிறார். எழுதிக் கொடுத்தது என்றால் ‘பேசிஸ் ஒப் கிளெய்ம்’ படிவம். 2012 டிசம்பருக்கு முன் வந்தவர்கள் ‘பிஃப்’ என்பார்கள். அதிலுள்ள ஒரு திகதி பிசகு, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்ற முடிவுக்குப் போதுமானதாகிவிடும்.

ஓர் உதாரணம் வைத்துப் பாருங்கள். வன்னியிலிருந்து வந்த ஒருவர், செட்டிகுளம் முகாமிலிருந்து 2010 தொடக்கத்தில் வெளியே வந்ததாகப் படிவத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த கடிதமோ 2009 டிசம்பரிலேயே அவர் மீள்குடியேறினார் என்கிறது. பழைய சட்டத்தரணி இரண்டையும் வெவ்வேறு மாதங்களில் வாங்கி வைத்தவர். இரண்டும் அவர் கண்ணில் சேர்ந்து படவில்லை. புதியவர் ஒரே இருப்பில் முழுவதையும் வாசிப்பதால் அவருக்குத் தட்டுப்படுகிறது. இப்போது செய்யவேண்டியது என்ன? படிவத்தில் திருத்தம் இருந்தால் விசாரணைக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் சபைக்குப் போய்ச் சேரவேண்டும். ஆவணங்களுக்கும் அதே 10 நாள். கெடுவுக்குள் நீங்களாகவே திருத்தினால் அது திருத்தம். விசாரணையில் உறுப்பினர் கண்டுபிடித்தால் அதன் பெயர் முரண்பாடு.

ஆகவே புதியவர் உங்கள் கதையைச் சொல்லும்போது குறுக்கே விழாதீர்கள். கேட்டுக்கொண்டே, பிழையான இடங்களைக் குறித்துவையுங்கள். முடிந்தபிறகு ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். பழைய சட்டத்தரணியிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஏதும் இருந்தால் அதைச் சொல்லவும் இதுவே நேரம். வெட்கப்பட்டு மறைத்தது, ‘இதைச் சொன்னால் கேஸ் கெட்டுவிடும்’ என்று யாரோ சொன்னதால் மறைத்தது, முன்பு வேறொரு நாட்டில் கோரிக்கை வைத்துத் தோற்றது, இயக்கத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது. சட்டத்தரணி எதையும் வெளியே சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றை எதிர்த்தரப்பு முதலில் எடுத்தால் அவரால் உங்களைக் காப்பாற்ற முடியாது.

பழைய கோப்பில் என்ன போய்ச் சேர்ந்தது என்றே தெளிவில்லாத நிலையில், புதியவர் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றிய குடிவரவுத் திணைக்களக் குறிப்புகளைக் கேட்டெடுக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 5 டொலர். “உது எதுக்கு, காசு பிடுங்கவோ” என்று நினைக்காதீர்கள். அதைக் கேட்கும் புதியவர் வேலை தெரிந்தவர்.

தமிழ்ப் பெயர் இருந்தால் தமிழ் வருமா

இங்கே பிறந்து வளர்ந்து சட்டம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இப்போது பல அலுவலகங்களில் இருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவர்களில் பலருடைய தமிழ், அம்மம்மாவோடு சாப்பாடு பற்றிப் பேசும் அளவுதான். சுற்றிவளைப்பு, காவலில் வைத்தது, கையெழுத்து வைக்கக் கூப்பிட்டது என்று நீங்கள் சொல்லும்போது அவர் தலையாட்டுவார். பாதி விளங்கியிருக்கும். ‘எங்கட பிள்ளைதானே’ என்று மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் ஆங்கிலம் அறியாதவர் என்றால், படிவத்தை உங்கள் மொழியில் வாசித்துக் காட்டியவர் அதை உறுதிப்படுத்திக் கையொப்பமிடவேண்டும். புதியவர் ஏதாவது திருத்தினால் அந்தத் திருத்தத்தையும் முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரைச் சபையே தரும், நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை.

இளையவரைத் ‘தம்பி’, ‘பிள்ளை’ என்று கூப்பிடலாமா என்று ஒரு தாயார் கேட்டார். கூப்பிடுங்கள், அவர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் தம்பி சொல்வதைத் தம்பி சொல்வதாக எடுத்துவிடக்கூடாது. “பத்தாம் திகதிக்கு முன் மருத்துவக் கடிதம் வேணும்” என்று அவர் சொன்னால், அது சட்டத்தரணி சொன்னது.

வேறொரு தயக்கமும் உண்டு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதியவர் எங்கள் ஊர்ப் பக்கமாக இருப்பாரோ, மாமியாருக்குத் தெரிந்தவராக இருப்பாரோ, அலுவலகத்தில் வரவேற்பில் இருக்கும் பிள்ளை கதைத்துவிடுவாரோ என்ற பயம். இரகசியம் காக்கும் கடமை சட்டத்தரணிக்கு மட்டுமானதல்ல, அவருடைய ஊழியர்களும் அதைக் காக்கும்படி பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. வழக்கு முடிந்த பிறகும் அது தொடரும். இருந்தும் மனம் ஒப்பவில்லை என்றால், தமிழ் அல்லாத சட்டத்தரணியையும் வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளரையும் கேட்பதில் தப்பில்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள், பெண் சட்டத்தரணியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்கலாம். ஆண்களுக்கும் இப்படியான கொடுமைகள் நடந்திருக்கின்றன, அவர்களும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘எனக்கு இது வசதி’ என்றால் போதும்.

கணவன், மனைவி, ஒரே சட்டத்தரணி

ஸ்பொன்சர் வழக்குகளில் பெரும்பாலும் இருவருக்கும் ஒரே சட்டத்தரணிதான். செலவு குறைவு, வேலை சுலபம். அதன் விலை என்ன என்பதைப் புதியவர் முதல் சந்திப்பில் விளக்கவேண்டும். விளக்காவிட்டால் கேளுங்கள். இருவருக்காகவும் ஒருவர் செயற்படும்போது, ஒருவர் சொன்னதை மற்றவரிடமிருந்து அவரால் மறைக்க முடியாது. இருவருக்கும் இடையில் தீர்க்க முடியாத முரண்பாடு வந்தால் இருவருக்காகவும் தொடர்ந்து செயற்பட அவரால் முடியாது, முழுவதுமாக விலகவும் நேரலாம்.

அதனால் வீட்டில் அடி உதை இருக்கிறது, பிரியும் யோசனை இருக்கிறது என்றால், இருவருக்கும் பொதுவான சட்டத்தரணியிடம் தனியாகப் போய் அதைச் சொல்வதற்கு முன் உங்களுக்கென்று வேறொருவரைத் தேடுங்கள். “நீ என்னை விட்டுப் போனால் உன்ர பிஆர் போய்விடும்” என்று இன்னும் மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிரந்தர வதிவிடம் பெற்றபின் இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனை 2012இல் வந்தது உண்மை. 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். நிரந்தர வதிவிடம் இன்னும் கிடைக்காமல் குடும்ப வன்முறைக்குள் சிக்கியிருப்பவர்களுக்கெனக் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி 2019இலிருந்து இருக்கிறது. இவை இரண்டையும் தெரிந்து வைத்திருக்காத குடும்ப ஸ்பொன்சர் சட்டத்தரணியிடம், புதியவரோ பழையவரோ, போகாதீர்கள்.

படிவமும் பணமும்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க உங்களுக்கு நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். ஆள் மாறும்போது வழக்குகள் கெட்டுப்போவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல, கடிதம் தவறுவதால்தான். குடிவரவுத் திணைக்களத்துக்குக் கொடுக்கும் பிரதிநிதிப் படிவம் (ஐஎம்எம் 5476) ஓர் ஆளின் பெயரில் இருக்கும். அந்த ஆள் போய்விட்டால், புதியவரின் பெயரில் புதுப் படிவம் போகவேண்டும். அதுவரை திணைக்களத்தின் கடிதங்கள் போனவரின் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போய்க்கொண்டிருக்கும். கைரேகை, புகைப்படம் கொடுக்க 30 நாள் என்று வரும் கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி அழைப்பு கிடைத்து விண்ணப்பம் போடத் தரும் 60 நாளும் அப்படித்தான், யாருக்காகவும் நில்லாது.

அகதிகள் சபைக்குத் தனிப் படிவம் உண்டு. திணைக்களத்துக்குச் சொன்னால் சபைக்குத் தெரிந்துவிடும் என்று நினைப்பது நம்மவரிடையே பரவலான தவறு. நீங்கள் வீடு மாறினாலும் அப்படித்தான், ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கவேண்டும். ஆகவே புதியவரிடம் கேளுங்கள்: “உங்கட பேரில மாத்தி அனுப்பியாச்சோ? அனுப்பின கொப்பி ஒண்டு தாங்கோ.” பிரதி உங்கள் கையில் வந்தால்தான் மாறியது என்று கணக்கு.

சட்ட உதவியில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். லீகல் எயிட் ஒன்ராறியோவின் சான்றிதழை ஏற்றுக்கொண்டவர் பழைய சட்டத்தரணி. புதியவர் அந்த அமைப்பின் அகதி, குடிவரவுப் பட்டியலில் இருக்கவேண்டும், சான்றிதழ் அவருக்கு மாற்றப்படவும் வேண்டும். இந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைக்கும்வரை யார் வேலை செய்கிறார், யாருக்குப் பணம் போகிறது என்பது அந்தரத்தில் தொங்கும்.

சொந்தப் பணம் கட்டுகிறவர்கள் பழைய ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துப் போங்கள். முழு வழக்குக்கும் இவ்வளவு என்று பேசியிருந்தால், ஆள் மாறியதற்காகத் தொகை கூடக்கூடாது. மணித்தியாலக் கணக்கு என்றால் இரண்டு கேள்வி. புதியவரின் மணித்தியாலக் கட்டணம் எவ்வளவு? உங்கள் கோப்பைப் படித்துப் பழகும் நேரத்துக்கும் உங்களிடமா வாங்கப்போகிறார்கள்? ஆள் மாறியது அலுவலகத்தின் காரணத்தால் என்பதால் அந்த நேரத்துக்கு வாங்கவேண்டாம் என்று கேட்பது நியாயம். முன்பணமாகக் கொடுத்ததில் எவ்வளவு நம்பிக்கைக் கணக்கில் மிச்சம் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். உங்களை அங்கே கூட்டிப்போன இடைத்தரகருக்குக் கமிஷன் போகிறது என்று கேள்விப்பட்டால் விழித்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாதவருக்கு ஆள் பிடித்துத் தந்ததற்காகப் பணம் கொடுப்பது சட்டச் சங்க விதிகளுக்கு மாறானது.

ஒத்துவராவிட்டால்

அலுவலகம் காட்டுகிற ஆளைத்தான் ஏற்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கோப்பு உங்களுடையது. சட்டத்தரணி ஒருவர் அலுவலகத்தை விட்டு விலகும்போது, அவர் கையிலிருந்த கட்சிக்காரர்களுக்கு நியாயமான கால அவகாசத்தில் அறிவித்து, அவர்களுக்கு என்ன தெரிவுகள் உண்டு என்று சொல்லவேண்டும் என ஒன்ராறியோ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. அதே அலுவலகத்தில் புதியவரோடு தொடரலாம், போனவரோடு போகலாம், மூன்றாவது ஒருவரைத் தேடலாம். தேடுவதென்றால் சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை ஒருவரின் பெயரைத் தரும். அவரோடு 30 நிமிடம்வரை இலவசமாகக் கதைக்கலாம்.

ஆனால் பொழுதுபோகாமல் மாற்றிக்கொண்டிருக்கவேண்டாம். “எங்கட மச்சான் சொன்னவர், அவற்ற லோயர் கெட்டிக்காரன்” என்பது காரணமல்ல. கோப்பை வாசிக்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, கெடுக்கள் தெரியவில்லை, தொலைபேசிக்குத் திரும்ப அழைப்பதில்லை. இவை காரணங்கள். நடக்காத ஒன்றைக் கதையில் சேர்க்கச் சொல்கிறார் என்றால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

பழையவர் பெரும் பிழை விட்டுவிட்டார் என்று புதியவர் சொன்னால், அதை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பிழையைக் காரணம் காட்டிப் பெடரல் நீதிமன்றத்துக்குப் போவதானால், குற்றம் சாட்டப்படும் முன்னைய சட்டத்தரணிக்கு அறிவித்து, பதில் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. வாயால் மட்டும் பழையவரைத் திட்டிவிட்டு, எழுதித் தரத் தயங்குகிற புதியவரின் பேச்சுக்குப் பெறுமதி குறைவு.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் நேரம் பார்த்து மாற்றுங்கள். விசாரணைக்கு முதல் கிழமை சட்டத்தரணியை மாற்றிவிட்டு, புதியவருக்கு ஆயத்தம் போதாது என்று திகதி தள்ளிக் கேட்டால் சபை இலகுவில் தராது. விதிவிலக்கான காரணம் கேட்கும். நிராகரிப்புக் கடிதம் வந்தபின் மாற்றுவது அதைவிட ஆபத்து. எழுத்திலான காரணங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் போகவேண்டும். கனடாவுக்குள் எடுத்த தீர்மானத்தை எதிர்த்துப் பெடரல் நீதிமன்றம் போவதற்கும் 15 நாள்தான். வெளிநாட்டிலுள்ள விசா அலுவலகத்தின் தீர்மானம் என்றால் 60 நாள். சட்டத்தரணி மாறியதால் இந்த நாட்களில் ஒன்றுகூடத் தானாகக் கூடாது.